பாரமும் பறப்பும்

எங்கள் ஒக்கூர்க் கண்மாய்க் கரைமேல் நெல் மூட்டை வண்டிகள் ஏறுவதை இளமையில் பலமுறை கண்டிருக்கிறேன். சமதரையில் தளராத காளைகள் கரையேற்றத்தில் நுரை தள்ளும். அனுபவசாலியான வண்டிக்காரர் கரையடியிலேயே இரண்டு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு ஏறுவார். மற்றவரோ பாதி ஏற்றத்தில் நின்று சாட்டையைத் தேடுவார். பயிருக்கு மருந்து தெளிக்கும் ஆகாய விமானங்கள் மேலெழும் வேளையில் ஏன் விபத்துக்குள்ளாகின்றன என்பதை விளக்க இந்த வண்டியே போதும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் மக்ரெடி என்னும் விமானி, மரங்களை அழித்துவந்த புழுக்களின்மேல் விமானத்திலிருந்து மருந்துத்தூளைத் தூவினார். இத்தொழிலின் தொடக்கம் அதுவே. நியூசிலாந்தில் 1949-க்குப் பின் குன்றுப் புல்வெளிகளுக்கு உரம் தூவும் பணியும் பெருகிற்று. நம் நாட்டில் இதற்கெனவே ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் ‘பசந்த்’ என்னும் விமானத்தை உருவாக்கியது. 1972-இல் பறந்த அதன் எஞ்சின் 400 குதிரைத்திறன் உடையது.

பயணிகள் விமானம் நீண்ட, திண்ணிய ஓடுதளத்தில் ஓடி எழும்புகிறது. தெளிப்பு விமானத்துக்கோ வயலருகில் உள்ள குறுகிய மண்தரையே கிடைக்கும். தொட்டி நிறைந்த பாரத்தோடு ஒரே நாளில் பல பத்து முறை அது எழும்ப வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். எழும்ப 200 மீட்டர் ஓட வேண்டிய விமானத்தில் எடையைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், அது ஏறக்குறைய 240 மீட்டர் ஓட வேண்டும். எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகமுள்ள காற்று பின்னாலிருந்து வீசினால், அத்தொலைவு 290 மீட்டரை எட்டும். வெயிலும் சும்மா இருப்பதில்லை. 15 பாகை வெப்பத்தில் இருக்கும் காற்று 40 பாகையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அடர்த்தி குறைகிறது. இறக்கைக்குத் தாங்கலும் குறைகிறது, எஞ்சினுக்கு வலுவும் குறைகிறது. காலையில் தாண்டிய அதே பனைமரத்தை நண்பகலில் தாண்ட இயலாமற் போவது இதனால்தான். மலைச்சரிவில் அமைந்த தளத்தில் வேறொரு சங்கடம் உண்டு. அங்கே சரிவில் இறங்கியோடியே எழும்ப வேண்டும். காற்று பின்னாலிருந்து வீசினாலும் எதிர்த்திசையில் ஏற்றத்தில் ஓடி எழும்ப வழியில்லை.

இன்னும் ஒரு வஞ்சனை உண்டு. தரையை ஒட்டிப் பறக்கும்போது, தரையின் அண்மையால் விமானத்தின் காற்றுத்தடை குறைகிறது. எனவே பாரம் மிகுந்த விமானமும் நிலத்தைவிட்டு எழுந்துவிடும். ‘தப்பினோம்’ என்று விமானி எண்ணுவார். சற்று உயர்ந்ததும் அவ்வுதவி நின்றுவிடும். எதிரே மரங்கள் நிற்கும். அச்சத்தால் அவர் மூக்கை மேலும் தூக்குவார். வேகம் குன்றும், இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும், விமானம் விழும்.

இதற்கு மாற்று என்ன? தொட்டியில் உள்ள சரக்கைச் சில நொடிகளில் கொட்டிவிடும் பொறி இவ்விமானங்களில் உண்டு. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்து, சரக்கைத் தயங்காமல் கொட்டினால் உயிர் பிழைக்கலாம். ஆனால் மருந்தின் விலையும், காத்திருக்கும் வயல்களும், அன்றைய கூலியும் விமானியின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தயக்கம் இரண்டு நொடி நீடித்தாலும் போதும், காரியம் கெட்டுவிடும்.

ஆகவே தரையிலேயே முடிவுசெய்தல் நலம். வெயில் ஏறினால் சுமையைக் குறைக்கலாம். ஓடுதளத்தில் ஓர் அடையாளம் நட்டு, அதற்குள் போதிய வேகம் வராவிடில் நிறுத்திவிடுவது என்று முன்னரே உறுதி கொள்ளலாம். தொட்டியை நிரப்புகிறவரும் வயலுக்கு உடையவரும் விமானியை அவசரப்படுத்தாதிருக்கலாம்.

இன்று நம் வயல்களில் ஆளில்லாச் சிறு டிரோன்கள் மருந்து தெளிக்கின்றன. அவற்றுள் விமானி இல்லை என்பது பெரிய ஆறுதலே. எனினும் பாரமும் காற்றும் வெயிலும் அவற்றுக்கும் உண்டு. எங்கள் ஊர் வண்டிக்காரர் கரையடியில் இறக்கி வைத்த அந்த இரண்டு மூட்டைகளை யாரும் திருடிச் செல்லவில்லை. மறுநடையில் அவையும் வீடு வந்து சேர்ந்தன.