ஏன்கேதி அருவியைக் காணாத திருப்பயணம்



பயணம் புறப்படும்போது தொடங்குகிறது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், அமர்ந்து கணக்கிடும்போதே அது தொடங்கிவிடுகிறது. கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணிக்க வேண்டும் என ஆண்டவர் இயேசு கற்பித்ததை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதனை அடுத்து, போருக்குப் புறப்படும் அரசர் ஒருவரின் உவமையும் வருகிறது. தம் படைவலிமை போதாது எனக் கண்ட அவர், எதிரி தொலைவில் இருக்கும்போதே தூதரை அனுப்பிச் சமாதானம் தேடுகிறார். நன்கு திட்டமிடுபவர், செல்லாதிருக்க வேண்டிய வேளையையும் அறிந்திருப்பார் என்பதே அங்கு நாம் பெரும்பாலும் கவனியாது விடும் பாடம்.

இப்பாடத்தை நான் குருமடத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆயினும், அதனை எனக்கு உண்மையில் கற்பித்தவர் வட்டக்கச்சியைச் சேர்ந்த வயது முதிர்ந்த அன்னை ஒருவரே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாசி மாதம் ஒன்றில், வன்னியிலிருந்து பதினெட்டுப் பேருடன் புனித நாட்டுக்குச் சென்றிருந்தேன். அவர்களுள் சிலர் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்து வந்தவர்கள். இந்த அன்னைக்குப் பயணச் செலவை அனுப்பியவர் வெளிநாட்டில் வாழும் அவருடைய மகள். எருசலேமையும் பெத்லகேமையும் தரிசித்த பின்னர், ஒரு முழு நாளை ஏன்கேதிக்கென ஒதுக்கியிருந்தேன்.

சாக்கடலின் மேற்குக் கரையில், யூதேயப் பாலைநிலத்தின் விளிம்பில் இருக்கும் பசுஞ்சோலையே ஏன்கேதி. ஆட்டுக்குட்டியின் ஊற்று என்பது அப்பெயரின் பொருள். சாக்கடலின் கரை கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 430 மீற்றர் கீழே உள்ளது. உலகில் நிலப்பரப்பின் மிகத் தாழ்ந்த இடம் அதுவே. அங்கே ஆண்டுக்கு நூறு மில்லிமீற்றர் மழைகூடப் பெய்வதில்லை. ஆயினும், யூதேய மலைகளில் பெய்யும் மழை பாறைகளுக்குள் இறங்கி, நிலத்தடியே பயணித்து, அவ்விடத்தில் வற்றாத ஊற்றுகளாக வெளிப்படுகிறது. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே தாவீது ஓடை, அருகோத் ஓடை என இரு பள்ளத்தாக்குகள் உள்ளன. தாவீது அருவி ஏறக்குறைய 36 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அருகோத் பள்ளத்தாக்கின் உள்ளே நெடுந்தூரம் நடந்தால், மறைந்த அருவி எனப் பெயர் பெற்ற மற்றொன்றைக் காணலாம்.

நான் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தலைக்குத் தொப்பி, கால்களுக்கு வழுக்காத சப்பாத்து, வெயில் ஏறுமுன் நடை. முதியோர் தாவீது அருவி வரை. இளையோர் மறைந்த அருவி வரை. ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை: எந்நிலையில் திரும்புவது?

அன்று காலை வானம் தெளிந்த நீலமாக இருந்தது. ஆனால், பள்ளத்தாக்கின் வாயில் மூடப்பட்டிருந்தது. எருசலேம், எபிரோன் மலைப்பகுதிகளில் மழை பெய்வதால் திடீர் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டிருப்பதாக வழிகாட்டி கூறினார். இளையோர் முணுமுணுத்தனர். மழையே இல்லாத இடத்தில் வெள்ளம் எப்படி வரும் என ஒருவர் கேட்டார். சற்றுத் தள்ளி வேலியைத் தாண்டிச் சென்றால் யாருக்குத் தெரியும் என்றார் மற்றொருவர். எனக்கும் உள்ளூர அதே எண்ணந்தான். மறுநாள் கலிலேயாவுக்குப் புறப்பட வேண்டும். இனி இங்கு வர வாய்ப்பில்லை. பேசிப் பார்க்கலாம் என நான் வழிகாட்டியை நோக்கித் திரும்பினேன்.

அப்போது அந்த அன்னை என் கையைப் பற்றினார். "சுவாமி, மேலை மழை பெய்தால் கீழைதான் வெள்ளம் வரும். இரணைமடுவுக்குக் கீழை இருக்கிற எங்களுக்கு இதைச் சொல்லித் தரவேணுமே?" என்றார்.

அவர் சொன்னது எத்துணை உண்மை! கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்துக் காடுகளின் மழையைச் சேர்த்துக்கொண்டு இரணைமடுவில் வந்து சேர்கிறது. குளம் நிறைந்து வான் பாயும்போது, தம் முற்றத்தில் ஒரு துளி விழாதவர்களின் வயலும் நீரில் மூழ்கலாம். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் திடீரெனச் சூழ்ந்த வெள்ளத்தை வன்னி மக்கள் மறக்கவில்லை. அதே ஆண்டின் ஏப்ரல் 26ஆம் நாள், சாக்கடலுக்குத் தெற்கே சாபித் ஓடையில் நடைப்பயணம் சென்ற இளையோர் பத்துப் பேரைத் திடீர் வெள்ளம் காவுகொண்டது. முன்னரே எச்சரிக்கை இருந்தும் அப்பயணம் கைவிடப்படவில்லை.

இளையோர் இன்னும் தயங்கி நின்றனர். அன்னை மெல்லிய குரலில் மேலும் ஒரு சொல் சொன்னார். "2009 தையிலை வீட்டை விட்டு வெளிக்கிட்டு நடந்தம். தருமபுரம், விசுவமடு எண்டு முள்ளிவாய்க்கால் மட்டும். அண்டைக்குத் திரும்பிப் போக எங்களுக்கு வழி இருக்கேல்லை, சுவாமி. இண்டைக்கு இருக்குது. திரும்புவம்."

அந்நடையில் தம் மூத்த மகனை இழந்தவர் அவர். அதன்பின் எவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் வாயிலருகே நின்று ஒரு மறையுண்மை செபமாலை சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினோம். பிற்பகலில், வேறோர் ஓடையருகே எங்கள் பேருந்து நிறுத்தப்பட்டது. மண்ணிறமான வெள்ளம் கற்களை உருட்டியபடி வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் தலைக்கு மேலோ வெயில் எரிந்தது. முணுமுணுத்த இளைஞர் எழுந்து சென்று அந்த அன்னையின் பக்கத்தில் அமர்ந்துகொண்டார்.

அன்பர்களே, ஏன்கேதி விவிலியத்திலும் திரும்புதலின் இடமாகவே இருக்கிறது. மூவாயிரம் வீரருடன் தம்மைத் தேடி வந்த சவுல் மன்னர், தாம் மறைந்திருந்த குகைக்குள் தனியே நுழைந்தபோது, தாவீதுக்குக் கிடைத்தது எளிதான வாய்ப்பு. உடனிருந்தோர் தூண்டினர். அவரோ மேலங்கியின் விளிம்பை மட்டும் அறுத்தார். அதற்காகவும் உள்ளம் வருந்தினார் என 1 சாமுவேல் 24ஆம் அதிகாரம் உரைக்கிறது. பழிவாங்கும் வழி திறந்திருந்தும் அவர் அதில் செல்லவில்லை. அவரது வாழ்வில் கோலியாத்தை வீழ்த்திய நாளைவிட இது சிறிய வெற்றியா?

கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்க்கலாகாது என ஆண்டவர் கூறவில்லையா என நீங்கள் கேட்கலாம். உண்மையே. இறையாட்சிக்கென எடுத்த முடிவிலிருந்து பின்வாங்குவது வேறு. நம் ஆசையும் வீம்பும் இழுக்கும் வழியிலிருந்து திரும்புவது வேறு. பின்னதற்குத் திருஅவை இட்ட பெயர் மனமாற்றம்.

எனவே, மடுமாதாவின் ஆவணித் திருவிழாவுக்குக் கால்நடையாகச் செல்லும் குடும்பங்களுக்கும், மலைக்கோ காட்டுக்கோ செல்லத் திட்டமிடும் இளையோருக்கும் சில சொற்கள். நிற்கும் இடத்து வானத்தை மட்டும் பாராது, நீர் வரும் மேற்புறத்தின் வானிலையையும் விசாரியுங்கள். வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள். தண்ணீரில் பாதி முடியுமுன் திரும்புவதென முன்னரே உடன்படுங்கள். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாகட்டும். போகவேண்டாம் எனச் சொல்லும் உரிமையை மிகவும் அஞ்சுபவருக்கும் கொடுங்கள்.

நம் இல்லங்களிலும் இதே ஒழுங்கு தேவை. கடன் வாங்குமுன், பிள்ளையை ஆபத்தான வழியில் வெளிநாடு அனுப்புமுன், சகோதரர்மீது வழக்குத் தொடுக்குமுன், குடும்பமாக அமர்ந்து கணக்கிடுவோம். வீட்டிலுள்ள முதியவர் நம் கையைப் பற்றினால், ஒரு கணம் நின்று செவிமடுப்போம்.

ஏன்கேதி அருவியை நான் இன்றுவரை காணவில்லை. 2023 ஒக்டோபரில் வெடித்த போர் அந்நாட்டுக்கான திருப்பயணங்களைப் பெரிதும் குறைத்துவிட்டது. ஆனால், பதினெட்டுப் பேரையும் அவரவர் வீட்டு வாயிலில் கொண்டுவந்து சேர்த்தேன். வட்டக்கச்சியில் வாய்க்கால் ஓரமாயிருந்த தம் வீட்டுப் படலையைத் திறந்த அந்த அன்னை, "எல்லாரும் வந்திட்டம், சுவாமி" என்றார். அன்று அதைவிட நிறைவான நன்றிச் செபம் எனக்குத் தோன்றவில்லை.

ஆண்டவரே, செல்ல வேண்டிய வழியில் செல்லும் துணிவையும், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். திரும்ப வழியின்றி நடந்து, வழியிலேயே உம்மிடம் வந்து சேர்ந்த எங்கள் உறவுகளுக்கு நிலையான இளைப்பாற்றியை அளித்தருளும். ஆமென்.