விடியலுக்கு முன் திணறும் ஏரிகள்

கோடையில் ஏரி மீன்கள் செத்து மிதக்கும் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். யாரோ நஞ்சு கலந்துவிட்டதாகவே முதலில் ஐயம் எழுகிறது. பல நேரங்களில் காரணம் நஞ்சன்று, மூச்சுத் திணறல்.

கழிவுநீர் சேரும் ஏரியில் பாசி பெருகுகிறது. பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்ஸிஜனை வெளியிடும் பாசி, இரவில் அதை உட்கொள்ள மட்டுமே செய்கிறது. எனவே, நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் பிற்பகலில் உச்சத்தையும், விடியலையொட்டி அடிமட்டத்தையும் தொடுகிறது. நண்பகலில் எடுக்கும் மாதிரி இதைக் காட்டாது.

கல்லூரி ஆய்வகத்தில் நான் கற்றது, ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஸ் விங்க்லர் 1888இல் வெளியிட்ட முறை. குப்பியில் நீரைப் பிடித்து, வேதிப்பொருள்களைச் சேர்த்து, நீல நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாகத் தரம்பார்க்க வேண்டும். துல்லியமானதுதான், ஆனால், ஒரு குப்பி ஒரு கணத்தை மட்டுமே சொல்லும். அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் 1950களில் உருவாக்கிய மின்முனை, தொடர் அளவீட்டுக்கு வழிசெய்தது. எனினும், அளக்கும்போதே அது ஆக்ஸிஜனைச் செலவழிப்பதால், தேங்கிய நீரில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டிவிடும்.

இக்குறையை ஒளிர் உணரிகள் போக்கின. ருத்தேனியம் அல்லது பிளாட்டினம் அடங்கிய சாயத்தின் மீது நீல ஒளி பட்டால், அது சிவப்பாக ஒளிரும். ஆக்ஸிஜன் மூலக்கூறு மோதினால், சாயத்தின் ஆற்றல் பறிபோய் ஒளிர்வு விரைந்து அணைந்துவிடும். அணைய எடுக்கும் மைக்ரோ நொடிகளை அளந்தால் ஆக்ஸிஜனின் அளவு தெரியும். சாயம் சற்று மங்கினாலும் கணக்கு பெரிதும் பிசகாது, ஆக்ஸிஜனும் செலவாகாது. பெருங்கடல்களில் ஆர்கோ மிதவைகள் பலவும் இத்தகைய உணரிகளைச் சுமந்து திரிகின்றன.

கருவியை நிறுவினால் மட்டும் போதாது. முகப்பில் பாசி படர்ந்தால், உணரி ஏரியை விட்டுவிட்டு அந்தப் பாசியின் சுவாசத்தையே அளக்கும். உரிய இடைவெளியில் துடைக்கவும் சரிபார்க்கவும் ஆள் வேண்டும்.

மீன் வளத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம், குளிப்பதற்கு 5 மில்லிகிராம் ஆக்ஸிஜனாவது நீரில் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. பகலில் அந்த எண்ணை எட்டும் ஏரி, இரவில் எட்டுகிறதா என்பதே என் கேள்வி. நகர்ப்புற ஏரிகளில் உணரிகளைப் பொருத்தி, இரவு அளவீடுகளையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மீன்கள் மிதந்த பின் காரணம் தேடுவதைவிட, சில நாள்களுக்கு முன்பே சரிவைக் கண்டு கழிவுநீரைத் தடுப்பது எளிது.