மரவள்ளி போல் இலை, வளர்த்தால் சிறை!

மரவள்ளி இலையைப் பார்த்திருக்கிறீர்களா? கை விரல்களை விரித்து வைத்ததுபோல் இருக்கும்.

ரிஷிவந்தியத்தில் இருந்து மேற்கே, கல்வராயன் மலை அடிவாரம் வரை போனால், வழியில் மரவள்ளித் தோட்டங்களைக் காணலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சிறு பிள்ளைகளுக்குக்கூட அந்த இலை தெரியும்.

அதே சாயலில் இலை விடும் இன்னொரு செடி உண்டு. அதை வளர்த்தால் ஜெயில்!

அதுதான் கஞ்சாச் செடி.

கஞ்சா என்றதும் முகம் சுளிக்கிறோம். ஆனால், செடி எப்படி இருக்கும் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. நிலம் வைத்திருப்பவர்கள் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

அடையாளம் என்ன?

கஞ்சா, ஒரே ஆண்டில் வளர்ந்து, பூத்து, பட்டுப்போகும் செடி. ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். ஒரு காம்பில் ஐந்து, ஏழு என்று நீண்ட இலைகள் விரிந்து நிற்கும்.

மரவள்ளி இலையின் ஓரம் வழுவழுப்பாக இருக்கும். கஞ்சா இலையின் ஓரமோ ரம்பத்தின் பல் போல் இருக்கும். கசக்கினால் நெடி அடிக்கும்.

பனையில் ஆண் பனை, பெண் பனை உண்டு அல்லவா? அதுபோல் இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போதை மிகுந்திருப்பது பெண் செடியின் பூவில்தான். அந்தப் பூவில் பிசின் சுரக்கிறது. பிசினில் உள்ள போதைப் பொருளுக்கு டி.எச்.சி. என்று பெயர். 1964-ல் இஸ்ரேல் நாட்டில் மெக்கூலம், கவோனி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைத் தனியே பிரித்து எடுத்தார்கள்.

வயலுக்கு வந்த "டாக்டர்"

வெள்ளைக்காரர் ஆட்சியில் சர்க்காரே லைசென்சு கொடுத்துக் கஞ்சா பயிரிட வைத்தது. வங்காளத்தில் நவ்காவ் என்ற ஊர் அதற்குப் பேர் போனது. இப்போது அந்த ஊர் வங்காளதேசத்தில் இருக்கிறது.

செடி பூக்கும் காலத்தில் அங்கே வயல் வயலாக ஒருவர் வருவார். அவருக்குக் "கஞ்சா டாக்டர்" என்று பெயர்! ஆண் செடிகளைக் கண்டுபிடித்து அழிப்பதுதான் அவர் வேலை. ஆண் பூவின் மகரந்தம் பட்டால் பெண் பூ விதை பிடித்துவிடும், பிசின் குறைந்துவிடும்.

நம் பக்கத்திலும் இந்தப் பயிர் இருந்தது. தென்பெண்ணைக்கு வடக்கே ஜவ்வாது மலையில், சர்க்கார் கண்காணிப்பில் பயிரிட்டார்கள்.

1893-ல் இதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். அது 1,193 சாட்சிகளை விசாரித்தது. முழுத் தடை வேண்டாம், லைசென்சும் வரியும் போதும் என்று 1894-ல் அறிக்கை கொடுத்தது.

அந்தக் காலம் போய்விட்டது. 1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

பெயர் ஒன்று, செடி வேறு!

வெளிநாடுகளில் சில இடங்களில் கஞ்சாவைக் கடையில் விற்கிறார்கள். "இந்திகா ரகம் உடம்பைத் தளர்த்தும்; நிம்மதி தரும்" என்பது அந்த வியாபாரிகளின் பேச்சு.

"இந்திகா" என்றால் இந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள். பிரெஞ்சு நாட்டுத் தாவர நிபுணர் லமார்க், 1785-ல் இந்தப் பெயரை வைத்தார். இந்தியாவில் சுற்றிய சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் கொடுத்த செடியைப் பார்த்துத்தான் அவர் பெயர் வைத்தார்.

வேடிக்கை என்ன தெரியுமா? இன்று வியாபாரிகள் "இந்திகா" என்று சொல்வது ஆப்கானிஸ்தான் பக்கத்துக் குட்டைச் செடியின் வழி வந்த ரகங்களை. அதற்கு இலை அகலம். லமார்க் பார்த்த இந்தியச் செடிக்கோ இலை ஒடுக்கம்!

போதாததற்கு, எல்லா ரகங்களையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டார்கள். பெயரைப் பார்த்து உள்ளே இருக்கும் சரக்கைச் சொல்ல முடியாது என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள்.

நிம்மதியா?

கொஞ்ச நேரம் உடம்பு தளரும், உண்மைதான். ஆனால் நெஞ்சு படபடக்கும். ஞாபகம் தடுமாறும். சிலருக்கு இனம் தெரியாத பயம் பிடிக்கும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். சிலருக்கு மனநோய் வரவும் இது காரணமாகிறது.

மயக்கம் கேட்கும் விலை கள்ளக்குறிச்சிக்குத் தெரியாததா? 2024 ஜூனில், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே!

நாருக்கு வளர்க்கலாமா?

"வடக்கே வளர்க்கிறார்களாமே?" என்று சிலர் கேட்கலாம். ஆம். உத்தரகண்ட் மாநிலம் 2018-ல் நாருக்காகவும் விதைக்காகவும் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்தச் செடியில் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லைசென்சும் வேண்டும். அங்கே கிடைத்த அனுமதி இங்கே செல்லாது.

நம் விவசாயிகள் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பு வேறு. அதற்கும் கஞ்சாவுக்கும் உறவே இல்லை. அதைத் தாராளமாக விதைக்கலாம்.

நிலத்துக்காரர் கடமை

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல். ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பலரும் அறிந்தது.

பலரும் அறியாதது ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 46-வது பிரிவு நிலத்துக்காரருக்கு ஒரு கடமையை விதிக்கிறது. தன் நிலத்தில் யாராவது கஞ்சா வளர்த்தால், அவர் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவருக்கும் தண்டனை!

கரும்புக்கு நடுவிலோ, மரவள்ளி வரிசையிலோ வேறு யாரோ நட்ட செடியாக இருக்கலாம். "நான் நடவில்லையே" என்பது மட்டும் போதாது. பார்த்த பிறகு வாய் மூடி இருந்தால் அதுவே குற்றம்.

ஆகவே, அடுத்த முறை தோட்டத்துக்குப் போகும்போது இலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓரம் வழுவழுப்பாக இருந்தால், களை எடுத்துத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

ரம்பப் பல் தெரிந்தால், நேரே போலீஸ் நிலையத்துக்கு நடங்கள்!