உங்களுக்குத் தெரியுமா? வன்னிக் காட்டோரத்து வெள்ளரிச் சொந்தங்கள்

மாரி மழைக்குப் பின் இலங்கையின் வன்னியில் குளக்கட்டுகளிலும் வேலிகளிலும் படரும் முசுமுசுக்கை, நாம் உண்ணும் வெள்ளரிக்கு நெருங்கிய உறவு. 1753இல் லின்னேயஸ் அதை வெள்ளரியின் பேரினத்திலேயே சேர்த்து, மதராஸின் பெயரையும் சூட்டினார். பின்வந்தவர்கள் தனியாகப் பிரித்தார்கள். 2007இல் வெளியான மரபணு ஆய்வுகள் மீண்டும் வெள்ளரியோடு சேர்த்துவிட்டன.

இன்னொரு சொந்தமான கொவ்வையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு தெரிந்தால் அது பெண்.

இந்தச் சொந்தங்களில் படமெடுக்கக் கடினமானது பேய்ப்புடல். நூல்நூலாகப் பிரிந்த அதன் வெள்ளைப் பூ இரவில்தான் விரியும். வெயில் ஏற வாடிவிடும். அழகில் அதற்கு இணையான கொடிப்பூ இந்தக் காடுகளில் இல்லை என்றே சொல்வேன். அதைப் படமெடுக்க விடியுமுன் அங்கே போய்விட வேண்டும்.

பூவை மட்டும் படமெடுத்தால் இனத்தை உறுதிசெய்வது கடினம். இலையின் இருபுறம், காய், பற்றுக்கம்பி மூன்றும் படத்தில் வேண்டும். கொவ்வையின் பற்றுக்கம்பி கிளைக்காது, பேய்ப்புடலில் கிளைக்கும். சிவந்த பழத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது ஐவிரலி. நஞ்சுள்ளது, வாயில் வைக்காதீர்கள்.

இன்னொன்று: போர் நடந்த மண் இது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் எந்தப் பூவுக்காகவும் அதைத் தாண்டாதீர்கள். ஊரவரிடம் கேட்டு, அவர்கள் நடக்கும் பாதையிலேயே நடவுங்கள்.