பெயர் மாறிப்போன அட்டை

அண்ணாவின் படம் ஒன்றுதான் எங்களிடம் மிஞ்சியது. கணினி பழகியதும் அதை வைத்து, அவரது ஆண்டுத் திவசத்துக்கு நினைவஞ்சலி அட்டையொன்றை போட்டோஷொப்பில் நானே செய்தேன். அச்சகத்தில் கோப்பைத் திறந்து, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கத் தொட்டார்கள். அண்ணாவின் பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாயிற்று! அழுகையே வந்துவிட்டது.

பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருப்பது. அது இல்லாத கணினியில் ஆங்கிலம்தான் வெளியே வரும்.

சகோதரிகளே, எழுத்துருக் கோப்பையும் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அதன்மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டோல்’ கொடுத்து, போட்டோஷொப்பை மூடித் திறந்தால் பட்டியலில் பாமினி இருக்கும். பதிய விடமாட்டார்களா? வீட்டிலேயே எழுத்தை ‘கன்வேர்ட் டு ஷேப்’ மூலம் வடிவமாக்குங்கள். பிறகு தட்டச்சில் திருத்த முடியாது. மூலப்பிரதியைத் தனியே வையுங்கள்.

மறுநாள் பாமினியோடு போய் அட்டையை அச்சடித்து வந்தேன்.