மறைந்த அரசியும் மாறாத ஆண்டும்

பழங்காசு சேர்ப்போர் பலர். நான் சேர்ப்பவையோ பழங்காசின் மறு அச்சுகளும் நகல்களும். "போலிக்கா இத்தனை பாடு?" என்று விடுதி நண்பர்கள் நகைப்பதுண்டு. மறு அச்சு வேறு, நகல் வேறு, போலி வேறு. இம்மூன்றையும் பிரித்தறியாதவரே கடைவீதியில் கைப்பொருளை இழக்கின்றனர்.

பழைய அச்சைக் கொண்டோ, அதே வடிவில் செய்த புதிய அச்சைக் கொண்டோ, தங்கசாலை பிற்காலத்தில் அடிப்பது மறு அச்சு. ஆஸ்திரியாவின் மரியா தெரேசா தாலர் என்னும் வெள்ளி நாணயம் இதற்குத் தக்க சான்று. அரசி 1780-இல் மறைந்தார். ஆனால் அரபு நாட்டு வணிகரும் எத்தியோப்பிய மக்களும் அவ்வாண்டு பொறித்த தாலரையே நம்பினர். ஆகவே ஆண்டை மாற்றாமலே அடித்து வந்தனர். 1935-இல் இத்தாலி அச்சுகளைப் பெற்று ரோமில் அடித்தது. அடுத்த ஆண்டு லண்டன் தொடங்கியது. 1940-41-இல் நம் பம்பாய்த் தங்கசாலையும் அடித்தது! வியன்னாவில் இன்றும் அடிக்கின்றனர். எடை சுமார் 28 கிராம். ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. ஆண்டு பழையது, வெள்ளியோ மெய்யானது.

நகல் என்பது பார்ப்பதற்கும் படிப்பதற்கும் பிறர் செய்யும் படி. தன்னை நகலென்று சொல்லிக்கொண்டால் அதில் குற்றமில்லை. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வாறு பொறிக்க வேண்டுமென்றே விதிக்கிறது.

போலிக்கு எடுத்துக்காட்டு நடைபாதையிலேயே கிடைக்கும். இராமர், அனுமன் உருவமும் 1818 என்ற ஆண்டும் தாங்கிய கும்பெனி 'அரையணா' அது. சென்னையில் கும்பெனி அடித்த வராகனில் திருமால் உருவம் உண்டு என்பது மெய். ஆனால் இத்தகைய அரையணாவை அது வெளியிட்டதே இல்லை. இல்லாத மூலத்துக்கு நகல் ஏது? இதற்கு ஆயிரக்கணக்கில் விலை கேட்பாரும் உளர்.

வாங்குமுன் விளிம்பைப் பாருங்கள். அச்சால் அடிக்காமல் அச்சில் ஊற்றி வார்த்த காசானால் அங்கே ஒட்டுக்கோடு தெரியலாம், முகத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், எழுத்து மழுங்கியிருக்கும். எடையை நூலில் கண்ட எடையோடு ஒப்பிடுங்கள். வெள்ளியைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் ஈர்க்காததெல்லாம் வெள்ளியாகிவிடாது.

ஐயமுள்ள காசு எவரிடமேனும் இருந்தால், விலை கொடுக்குமுன் என் அறைக்குக் கொண்டுவாருங்கள். சிறு தராசு ஒன்று வைத்திருக்கிறேன்.