விமானத்தின் நாட்டுரிமை

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு, மீனம்பாக்கத்தை நோக்கிச் செல்லும் ஆகாய விமானம் ஒன்று சில வேளைகளில் கண்ணில் படும். அவ்வளவு தொலைவில் அதன் உடலில் எழுதியுள்ள எழுத்துக்களைப் படிக்க இயலாது. ஆனால் எழுத்தில்லாத விமானம் எதுவும் சட்டப்படி பறக்க முடியாது. நம் நாட்டில் பதிவான விமானம் ஒவ்வொன்றும் வி, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களையும், ஒரு சிறு கோட்டையும், அதற்குப்பின் மூன்று எழுத்துக்களையும் தாங்கியிருக்கும். முன்னிரண்டும் நாட்டைக் குறிப்பவை. பின்மூன்றும் அந்த விமானத்துக்கே உரியவை. இலங்கை விமானமாயின் 4ஆர் என்று தொடங்கும். இவ்வெழுத்துக்கள் விமானத்துக்கு எவ்வாறு கிடைக்கின்றன, எவ்வாறு நீங்குகின்றன என்பதைச் சற்று ஆராய்வோம்.

1910-ஆம் ஆண்டில் சென்னையில் டி ஏஞ்சலிஸ் என்னும் ஓட்டல் முதலாளி, சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு கட்டுவித்த விமானத்தில் ஏறிப் பறந்து காட்டினார். அந்த விமானத்துக்குப் பதிவும் இல்லை, எண்ணும் இல்லை. அன்று அதைக் கேட்பாரும் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின்னர், எல்லை தாண்டிப் பறக்கும் இயந்திரம் எந்த நாட்டுக்குப் பொறுப்பானது என்ற கேள்வி எழுந்தது. 1919-இல் பாரிஸ் நகரில் கூடிய நாடுகள் விடை கண்டன: எந்த நாட்டின் பதிவேட்டில் இருக்கிறதோ, விமானம் அந்த நாட்டினது.

வி, டி என்பது ‘வைசிராயின் நிலம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் என்று சிலர் சொல்வதுண்டு. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. உண்மை வேறு. 1927-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு வானொலி அழைப்புக்குறிகளை நாடுகளுக்குப் பங்கிட்டபோது, வி என்று தொடங்கும் குறிகள் பலவும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்குக் கிடைத்தன. அவற்றுள் இந்தியாவுக்கு வந்த தொகுதியிலிருந்துதான் விமானங்களுக்குரிய குறியும் எடுக்கப்பட்டது. சென்னை வானொலி நிலையத்தின் அழைப்புக்குறியாக விளங்கிய வி.யூ.எம். என்பதும் அதே தொகுதியைச் சேர்ந்தது. வானொலியும் விமானமும் இவ்வகையில் உறவினரே! 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த சிறு விமானத்தின் குறி வி.டி.-ஏ.டி.என். அத்தபாலைப் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட்.

இன்று நடைமுறையில் உள்ள விதிகளுக்கு அடிப்படை, 1944-ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை. ஒரு விமானம் ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் செல்லத்தக்க பதிவு பெற முடியாது என்று அது விதித்தது. ஆகவே வெளிநாட்டில் பறந்த விமானத்தை இங்கே பதிவு செய்ய வேண்டுமாயின், முந்தைய நாட்டில் பதிவு நீங்கியதற்கான சான்று வேண்டும். அதனுடன் சுங்கத் தாள்களும், வாங்கிய பத்திரமோ குத்தகைப் பத்திரமோ, காப்புறுதித் தாளும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இசைவு கிடைத்ததும் இறக்கையின் அடிப்புறத்தில் 50 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், உடலில் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் உயரமுள்ள எழுத்துக்களால் குறி எழுதப்படும். நெருப்பில் உருகாத உலோகத் தகடு ஒன்றிலும் அதே குறியைப் பொறித்து உள்ளே பதிப்பார்கள். அது எதற்கென்று மாணவர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம். ஆபத்துக் குரலான எஸ்.ஓ.எஸ். போன்ற சேர்க்கைகளை எந்த விமானத்துக்கும் கொடுப்பதில்லை.

பதிவுச் சான்று வேறு, சொத்துரிமை வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஐயம்பேட்டையில் கூலிக்கு நெய்பவர் ஒருவரின் வீட்டில் தறி நிற்கிறது. தறியில் ஏறியிருக்கும் பட்டுப் பாவும் சரிகையும் கூட்டுறவுச் சங்கத்தினுடையவை, அல்லது முதலாளியினுடையவை. நெசவாளர் மளிகைக் கடையில் பாக்கி வைத்திருந்தால், கடைக்காரர் வந்து பாவை அறுத்துக்கொண்டு போகலாமா? கூடாது, அது நெசவாளரின் பொருளன்று. ஆனால் பாவு கொடுத்தவரே வந்து திருப்பிக் கேட்டால்? நம் நாட்டு விமானக் கம்பெனிகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே. அவை ஓட்டும் விமானங்களில் மிகுதியானவை அயல்நாட்டு உரிமையாளர்களிடம் குத்தகைக்கு எடுத்தவை. குத்தகை முறிந்தால், பதிவு நீங்கினாலன்றி உரிமையாளர் தம் விமானத்தை வெளியே கொண்டுபோக முடியாது.

இதற்காகவே 2001-இல் கேப்டவுன் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 2008-இல் இந்தியா அதில் சேர்ந்தது. குத்தகைக்கு எடுக்கும்போதே கம்பெனி ஓர் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடும்; அதைப் பின்னர்த் திரும்பப் பெற இயலாது. அப்பத்திரத்தைக் காட்டி உரிமையாளர் விண்ணப்பித்தால், ஐந்து வேலை நாட்களுக்குள் பதிவை நீக்க வேண்டும் என்று நம் விமான விதிகளும் கூறின.

விதி எழுதியாயிற்று, சோதனை 2023-இல் வந்தது. கோ ஃபர்ஸ்ட் கம்பெனி அவ்வாண்டு மே 2-ஆம் தேதி திவால் மனு கொடுத்தது. 10-ஆம் தேதி தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதை ஏற்றது. ஏற்ற உடனே, கம்பெனியின் வசமுள்ள எதையும் எவரும் எடுத்துச் செல்லலாகாது என்னும் திவால் சட்டத் தடை அமலுக்கு வந்தது. உரிமையாளர்களின் விண்ணப்பங்கள் இயக்குநரகத்தில் தேங்கின. விமானமோ தேங்கி நிற்கும் பொருளன்று. பறக்காமல் நின்றால் பழுதுபடும், பராமரிப்பும் நிற்காமல் நடந்தாக வேண்டும். அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய அரசு, விமானங்களுக்கு அத்தடை பொருந்தாது என்று அறிவிக்கை வெளியிட்டது. ஆயினும் வழக்கு நீடித்தது. 2024 ஏப்ரல் 26-இல் டில்லி உயர்நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலை நாட்களுக்குள் நீக்குமாறு ஆணையிட்டது. ஐந்து நாளில் முடிய வேண்டிய காரியத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

உரிமையாளர் பக்கமே நியாயம் முழுதும் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். விமானங்கள் போய்விட்டால் கம்பெனி மீண்டும் எழுவது எப்படி? அதை நம்பியிருந்த விமானிகளும் பணிப்பெண்களும் பழுதுபார்ப்போரும் என்ன ஆவார்கள்? தடை விதித்த சட்டத்தின் நோக்கமும் அதுதான். மற்றொரு புறம், கொடுத்த விமானம் திரும்பி வருமோ என்ற ஐயம் இருந்தால், அடுத்த கம்பெனிக்குக் குத்தகை ஏறும். அது பயணச் சீட்டின் விலையில் வந்து விடியும். இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்த்த நாடாளுமன்றம், 2025 ஏப்ரலில் கேப்டவுன் உடன்படிக்கைக்குத் தனிச் சட்டமே இயற்றியது. குத்தகைத் தவணை தவறியதாக அறிவித்த நாள் முதல் ஊழியர்களுக்கு ஏறிய சம்பள பாக்கிக்கு முன்னுரிமை உண்டு என்று, உடன்படிக்கையில் சேர்ந்தபோதே இந்தியா எழுதி வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய பாக்கிக்கு அந்த முன்னுரிமை இல்லை. கோ ஃபர்ஸ்ட் கம்பெனியைக் கலைத்துவிட 2025 ஜனவரி 20-ஆம் தேதி தீர்ப்பாயம் உத்தரவிட்டது.